சேகரின் அடுப்படியில் நான் கரைத்தவை

செம்புத் தகட்டில் வேண்டாத செம்பைக் கரைத்துவிட்டால் மிச்சம் இருப்பதுதான் சர்க்யூட் போர்டு. கரைக்கிற மருந்துக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரியாது, இந்தத் தொழிலில் அது ஒன்றுதான் சிக்கல்.

வீட்டிலேயே கேக் சுடுகிறவர்கள், ஜாக்கெட் தைக்கிறவர்கள், முறுக்கு பிழிகிறவர்கள், உங்களுக்கெல்லாம் நான் சொல்வது புரியும். தொழில் உங்களுடையது, இடம் இன்னொருத்தருடையது. என் பெயர் விஜயா. மலாக்காவில் குருபோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். பெல்ட்டில் வரும் ஒவ்வொரு போர்டிலும் ஒரே இடத்தில் ஒரே ஒரு கப்பாசிட்டரை வைப்பதுதான் வேலை. அந்தப் போர்டு டி.வி.க்குப் போகிறதா, துணி துவைக்கிற மெஷினுக்குப் போகிறதா, யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்தவள், வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு போர்டை முழுசாக நானே வரைந்து, கரைத்து, துளை போட்டு, பற்றவைத்தேன். அதில் மிளகு அளவு விளக்கு ஒன்று எரிந்தது. நான் அழுதேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு போர்டு என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் அதை விட மனசு வரவில்லை. வாடிக்கையாளர்களும் வந்தார்கள். தானியங்கி கேட்டுக்குப் பழைய போர்டு கிடைக்காதவர்கள், மீன் குளத்து பம்புக்கு டைமர் கேட்கிறவர்கள், இப்படி. இடம்தான் இல்லை. பாயா ரும்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டில் தண்ணீர்க் குழாய், வெளிச்சம், மேசை மூன்றும் சேர்ந்திருக்கும் ஒரே இடம் பின்பக்க அடுப்படி. அது என் வீட்டுக்காரர் சேகருடையது. வார நாளில் லோரி ஓட்டுவார், சனி ஞாயிறில் கல்யாணம், காதுகுத்து, பிறந்த நாளுக்குச் சமைப்பார். நான் அங்கே தண்ணீர் குடிக்கப் போனால்கூட எதற்கு வந்தாய் என்பதுபோலப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் பாதி மேசையை எனக்குக் கொடுத்தார் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. கொடுக்கும்போதே ஒன்றைச் சொல்லிவிட்டார்: "உன் மருந்தால என் அடுப்படிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அன்னிக்கோட உன் போர்டு தொழில் வெளிய போயிரும். இப்பவே சொல்லிட்டேன்லா."

நான் மாடு மாதிரித் தலையாட்டினேன்.

முதுகில் ஒரு படம்

போர்டு செய்வதில் முதல் வேலை இஸ்திரி போடுவது. படத்தை லேசர் பிரிண்டரில் வழவழப்பான தாளில் அச்சடித்து, மைப் பக்கம் செம்பைப் பார்க்கும்படி வைத்து, நல்ல சூட்டில் தேய்க்க வேண்டும். மை உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். மை உள்ள இடத்தை மருந்து தொடாது. சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள் இதற்கு அருமையாக வேலை செய்யும். ஒரு பக்கம் கோழித் தொடை மலிவு விலை, இன்னொரு பக்கம் என் சர்க்யூட்.

ஒரு வெள்ளிக்கிழமை தாளைத் தலைகீழாக வைத்துத் தேய்த்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் செம்பில் ஒன்றும் இல்லை, தாளிலும் மை இல்லை. எங்கே போயிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பிரிண்டர் சரியில்லை என்று அதைத் திட்டிவிட்டுப் படுத்தேன். மை முழுக்க இஸ்திரிப் பெட்டியின் அடிப்பக்கத்தில் பத்திரமாக இருந்தது. மறுநாள் காலையில் சேகர் தன் வெள்ளைச் சட்டையை அவசரமாகத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அலோர் காஜாவில் ஒரு கல்யாணத்துக்குப் பரிமாறப் போய்விட்டார். பந்தி முழுக்கக் குனிந்து குனிந்து குருமா ஊற்றினார். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் தன் குருமாவைத்தான் மெச்சுகிறார்கள் என்று நினைத்தாராம். கடைசியில் பெண்ணின் தாய்மாமன் அவர் தோளைத் தட்டி மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "அண்ணே, முதுகுல எல்.ஆர்.டி. ரயிலு ரூட்டு மேப்பு போட்டிருக்கீங்களே, நம்ம மலாக்காவுக்கு அது எப்ப வருது?"

சிங்க்

செம்பைக் கரைக்க நான் முதலில் பிடித்தது ஃபெரிக் குளோரைடு. பார்க்கப் பால் சேர்க்காத கோப்பி ஓ மாதிரியே கறுப்பாக இருக்கும். நெடி அதிகம் இல்லை, கையைச் சுடாது, அரை மணி நேரம் தட்டை ஆட்டிக்கொண்டிருந்தால் வேலை முடிந்தது. சாதுவான மருந்து என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சட்டையில் பட்டால் அந்த மஞ்சள் கறை நம் காலத்துக்கும் இருக்கும், அது ஒன்றுதான் குறை என்று நானும் நம்பினேன். வேலை முடிந்ததும் மிச்சத்தைச் சேகரின் சிங்க்கில் ஊற்றி, குழாயை நிறையத் திறந்துவிடுவேன். நிறையத் தண்ணீர் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

ஒன்றும் சரியாகவில்லை. செம்பு கலந்த தண்ணீர் பின்பக்க லொங்காங் சாக்கடையில் போய், அங்கே துள்ளிக்கொண்டிருந்த குட்டி மீன்களைக் காணாமல் செய்தது. அதைச் சேகர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாவத்துக்கு சிங்க் பழி வாங்கியது. செம்பைத் தின்கிற மருந்துக்கு எவர்சில்வர் மட்டும் கசக்குமா? இரண்டே மாதத்தில் ஊசி ஊசியாகத் துளை விழுந்து, கீழே வைத்திருந்த அரிசி மூட்டைக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. மூட்டையைப் பிரித்தபோது அரிசி மஞ்சளாக இருந்தது. "பிரியாணிக்குக் கலர் மிச்சம்" என்று நான் சொல்லிப் பார்த்தேன். சேகர் சிரிக்கவில்லை. மூட்டையோடு தூக்கிக் குப்பையில் போட்டார். அப்புறம் சிங்க்கைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு துளையாகப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார்: "இந்தா, சோறு வடிக்கவாச்சும் வச்சுக்க."

அடுத்த வாரம் பிளாஸ்டிக் தொட்டி வந்தது. அதற்குள் ஒரு சொட்டு மருந்துகூட ஊற்ற மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். இந்த ஒரு சத்தியத்தை மட்டும் இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

நீச்சல் கண்ணாடி

ஃபெரிக் குளோரைடு கட்டியாகவும் வரும். கட்டியைத்தான் தண்ணீரில் போட வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. கட்டியின் மேல் தண்ணீர் ஊற்றினால் உலை மாதிரிக் கொதித்துத் தெறிக்கும். இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்காதீர்கள். என் இடது புருவத்துக்கு மேல் சின்னதாக ஒரு வடு இருக்கிறது, நேரில் வந்தால் காட்டுகிறேன். அரை அங்குலம் கீழே தெறித்திருந்தால் இந்தக் கதையை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து கண்ணாடி இல்லாமல் மருந்துப் பக்கம் போவதில்லை. நல்ல பாதுகாப்புக் கண்ணாடி கூரியரில் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை சேகரின் நீச்சல் கண்ணாடியை இரவல் வாங்கினேன். அவருக்கு நீச்சல் தெரியாது. பத்துக் கிலோ வெங்காயம் வெட்டும்போது போட்டுக்கொள்வார். அவரிடம் இரண்டு இருந்தது. ஒரு நாள் மேசையின் அந்தப் பக்கம் அவர் வெங்காயம், இந்தப் பக்கம் நான் மருந்து. இரண்டு பேருக்கும் கண்ணில் நீச்சல் கண்ணாடி, கையில் ரப்பர் கையுறை. மணி அடித்தது. யோசிக்காமல் அப்படியே போய்க் கதவைத் திறந்தோம். என் பாதுகாப்புக் கண்ணாடி வந்திருந்தது. கொண்டு வந்த கூரியர் தம்பி எங்களை மேலும் கீழும் பார்த்தான், வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான், கையெழுத்து வாங்கக்கூட மறந்துவிட்டான். போகும்போது மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு கேட்டான்: "அக்கா, உள்ள ஆழம் எவ்ளோ?"

கோப்பி ஓ

முருகையா என் முதல் வாடிக்கையாளர். தானியங்கி கேட் ரிப்பேர் செய்கிறவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், அக்கா அக்கா என்று உயிரை விடுவார். எனக்குக் கிடைக்கிற வேலையில் பாதி அவர் கொண்டு வருவதுதான். சிங்க் போன பிறகு பழைய மருந்தை என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, கழிவு எடுக்கிற கம்பெனி ஒன்றில் தன் மச்சான் இருப்பதாகவும், கொண்டு போனால் அவர்கள் டிரம்மில் சேர்த்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். தானே கொண்டு போய்க் கொடுப்பதாகவும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இந்த ஊரில் எந்தத் தண்ணீரைத் தூக்கிப் போவதானாலும் நமக்கு ஒரே வழிதான் தெரியும். பிளாஸ்டிக் பையில் ஊற்று, வாயைக் கயிற்றால் கட்டு, மோட்டார் கொக்கியில் மாட்டு. மருந்தையும் நான் அப்படியே கட்டினேன். அதோடு விட்டேனா? இவ்வளவு உதவி செய்கிற தம்பிக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று, மூலைக் கடையில் கோப்பி ஓ ஒன்று கட்டி வாங்கி, அதே கொக்கியில் மாட்டி அனுப்பினேன். கறுப்பாக ஒரு பை, பக்கத்திலேயே கறுப்பாக இன்னொரு பை. செங் ஊர் சிக்னலில் வண்டி நின்றபோது முருகையா ஸ்ட்ராவை எடுத்து ஒரு பைக்குள் விட்டு முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போயிருக்கிறார். துருப்பிடித்த இரும்பு வாசம் வந்ததாம். நல்ல வேளை, அவர் மோந்து பார்த்துச் சாப்பிடுகிற ஆள். சட்டென்று விலக்கியதில் பை அமுங்கி, முழுவதும் அவர் கால்சட்டையில் கொட்டியது. பெட்ரோல் நிலையத்தில் கழுவிவிட்டு, தொடை வரை மஞ்சளாகத் திரும்பி வந்தார்.

 சேகர் ஒரு மார்க்கர் பேனாவையும் ஒட்டுகிற தாளையும் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். அன்றிலிருந்து என் மருந்துகள் எல்லாம் தடித்த பிளாஸ்டிக் கேனில்தான், மேலே கொட்டை எழுத்தில் பெயரோடு. தின்கிற குடிக்கிற எதற்கும் பயன்படும் பாத்திரம், பாட்டில், பை எதுவும் மருந்துப் பக்கம் வரக்கூடாது. முருகையா கோபித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தார்: "அக்கா, இனிமே எனக்குப் பால் ஊத்துன தேத்தண்ணியா வாங்கி மாட்டுங்கலா, வித்தியாசம் தெரியட்டும்."

வேகமான மருந்து

அரை மணி நேரம் தட்டு ஆட்டுவது எனக்கு அலுத்துப்போனது. ஹார்ட்வேர் கடை ஆசிட்டோடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று எங்கோ படித்தேன். உண்மைதான். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல என்பதையும் படித்திருந்தேன், இந்தத் தடவை புருவம் தப்பியது. செம்பு கரையக் கரையத் தண்ணீர் நல்ல பச்சையாக மாறும். அவ்வளவு அழகு. எதற்கும் அவசரப்படாத பெண்ணாக இருந்த நான், அந்தப் பச்சையைப் பார்த்துப் பைத்தியம் ஆனேன்.

மிச்சத்தை ஒரு கேனில் ஊற்றி, சொன்னபடி பெயர் எழுதி, இறுக்கி மூடினேன். இந்தக் கலவை சும்மா இருக்காது, உள்ளே காற்று விட்டுக்கொண்டே இருக்கும். மறுநாள் கேன் நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி உப்பி நின்றது. பயந்துபோய் மூடியைத் தளர்த்தி, இனி இப்படியே இருக்கட்டும் என்று சேகரின் அலமாரிக்குள் தள்ளி வைத்தேன். அதே அலமாரியின் மேல் தட்டில்தான் அவருடைய கத்திகள், கரண்டிகள், பெரிய இரும்பு வாணலி எல்லாம் இருக்கும். தளர்ந்த மூடி வழியாக ஆசிட் ஆவி பத்து நாள் மெதுவாக மேலே ஏறியது. ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஆட்டுக்கறி வெட்ட சேகர் அலமாரியைத் திறந்தார். கத்தி அத்தனையும் செங்கல் நிறம். அரை நாள் தீட்டினார். ஒன்றும் தேறவில்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வெட்டி முடித்து, இரவல் கத்தியைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விஜி, இது கடைசி. இன்னொரு தடவ நடந்துச்சுன்னா நான் ஒன்னும் பேச மாட்டேன், நீயே மூட்டையக் கட்டிக்க."

சனிக்கிழமை

அதற்கடுத்த மாதம் நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். எழுதுகிறேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரெம்பியாவில் கம்பத்து நாட்டுக்கோழி வளர்க்கிறவர் பாக்கியம் ஆண்டி. அறுபது தாண்டியவர், மூட்டு வலிக்காரர். முட்டை பொரிக்கிற பெட்டியின் சூட்டைச் சரியாக வைத்திருக்கிற போர்டு ஒன்று கேட்டிருந்தார். சனிக்கிழமை காலை பசியாறிவிட்டு அதைக் கரைத்து முடித்தேன். ஆண்டி பஸ்ஸில் வந்து வாசலில் நின்று கூப்பிட்டார். பச்சைத் தண்ணீரோடு தட்டை அப்படியே மேசைக்குக் கீழே தரையில் வைத்துவிட்டு, போர்டைக் கழுவி அவருக்குக் காட்ட முன்பக்கம் எடுத்துப் போனேன். கேனில் பெயர் இருந்தது. தட்டில் இல்லை. மறுநாள் சேகருக்கு இருநூறு பேருக்குப் பிறந்த நாள் சமையல். பெரிய சமையலுக்கு முதல் நாள் அடுப்படித் தரை முழுக்க பிளீச் ஊற்றிக் கழுவுவது அவர் வழக்கம். பதினைந்து வருஷமாக அதைப் பார்க்கிறேன். ஆசிட்டும் பிளீச்சும் சேரக்கூடாது என்று தொழிற்சாலையில் ஒரு படம் ஒட்டியிருப்பார்கள். பதினெட்டு வருஷம் தினமும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் சாப்பிடப் போனேன். இந்த இரண்டையும் நான் ஒரு நாளும் சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை. சேகர் தட்டைப் பார்த்திருக்கிறார். எலுமிச்சை சோப்புத் தண்ணீர், ஏதோ ஊற வைத்திருக்கிறாள் என்று நினைத்து அதையும் சேர்த்தே கழுவிவிடலாம் என்று பிளீச்சை ஊற்றினார்.

முன்பக்கத்தில் எனக்கு இருமல் சத்தம் கேட்டது. சமையல்காரர் வீட்டில் மிளகாய் வறுத்தால் இருமுவது வழக்கம்தானே என்று ஒரு நொடி நினைத்தேன்.  அப்புறம் ஏதோ விழுந்த சத்தம். ஓடினேன். மஞ்சள் கலந்த பச்சையாகப் புகை தரையோடு படர்ந்திருந்தது. கண்ணில் கத்தி சொருகினதுபோல எரிச்சல். சேகர் அடுப்படி வாசற்படியில் மண்டியிட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தார், மூச்சு உள்ளே போகவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். ஆண்டி என் பின்னாலேயே ஓடி வந்து இன்னொரு கையைப் பிடித்தார். முன்கதவு வழியாக அப்படியே நடுரோட்டுக்கு இழுத்துப் போட்டோம். என் பிளாஸ்டிக் கேனையோ தட்டையோ எடுக்கத் திரும்பிப் போக வேண்டும் என்று தோன்றவே இல்லை, அது நான் செய்த ஒரே நல்ல காரியம். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். தீயணைப்பு வண்டி வந்து அடுப்படியைப் பார்த்துக்கொண்டது, தாமான் முழுக்க வேடிக்கை பார்த்தது. நான் காரில் சேகரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சாமிக்கு என்னவெல்லாமோ நேர்ந்துகொண்டேன். அதில் ஒன்று, இனி போர்டு செய்ய மாட்டேன் என்பது.

ஆஸ்பத்திரியில் என்னென்ன கலந்தது என்று டாக்டர் கேட்டார். வரிசையாகச் சொன்னேன். கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பின்கதவு திறந்திருந்ததால் தப்பினார், இரண்டு நாள் இருந்து பார்க்க வேண்டும் என்றார். சேகர் முகமூடிக்குள் விசில் அடிக்கிற மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு, கண் சிவந்து படுத்திருந்தார். எனக்கு அழுகை நிற்கவில்லை. காரில் கூடவே வந்த பாக்கியம் ஆண்டி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டே அவரைப் பார்த்து முறைத்தார்: "தம்பி சேகரு, அடுத்த தடவ சாவுறதா இருந்தா நான் ரெம்பியாவுக்குப் பஸ் ஏறுன பொறவு சாவு. இந்த முட்டிய வச்சுக்கிட்டு ஓட முடியலலா."

உப்பு

நேர்ந்துகொண்டதைச் செய்தேன். ஆசிட், பெராக்சைடு, ஃபெரிக் குளோரைடு எல்லாவற்றையும் கழிவு கம்பெனிக்கு அனுப்பினேன். போர்டு வரைகிற கம்ப்யூட்டரை மூடி அதன் மேல் துணி போட்டேன். முருகையா மூன்று போர்டுக்கு வேலை கொண்டு வந்தார், வாசலோடு திருப்பி அனுப்பினேன். சேகரும் வீட்டில்தான் இருந்தார். இருமல் குறைந்து லோரிக்குத் திரும்ப ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். மெதுவாகச் சமைக்கத் தொடங்கினார். நான் அவர் பின்னாலேயே நின்றேன். அவருக்கு மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பதற்குத்தான் நின்றேன், சத்தியமாக. நிற்கிற நேரத்தில் சும்மா இருக்க முடியவில்லை. குழம்பில் உப்புப் பார்த்தேன். புளி கொஞ்சம் தூக்கல் என்றேன். வெங்காயத்தை இன்னும் பொடியாக வெட்டலாமே என்றேன். கரண்டிகளை அளவு வாரியாக அடுக்கினேன். மசாலா டப்பாக்களை எனக்குப் புரிகிற மாதிரி இடம் மாற்றி வைத்தேன். மூன்று வாரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே சுத்தியல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பின்மதிலுக்கு அருகில் சேகரும் முருகையாவும் தகரக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று பக்கம் திறந்திருந்தது. தனியாக ஒரு குழாய், ஒரு பிளாஸ்டிக் தொட்டி, பூட்டு போட்ட பெட்டி. பெட்டிக்குள் புதிதாக வாங்கிய ஃபெரிக் குளோரைடு மட்டும், மெதுவான மருந்து. பிளீச் பாட்டிலை வீட்டின் முன்பக்கம் செருப்பு வைக்கிற அலமாரிக்கு மாற்றியிருந்தார். கரைக்கிற தட்டிலேயே அவர் கையெழுத்தில் ஒட்டியிருந்தது: மருந்து, தொடாதே, ஊற்றாதே, சேகரே உனக்குத்தான் சொல்கிறேன்.

 வேண்டாம்ங்க, உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன், இனிமேல் இந்தப் பேச்சே வேண்டாம், நான் தொழிற்சாலைக்கே திரும்பப் போகிறேன் என்றேன். சேகர் சுத்தியலைக் கீழே வைத்தார். இருமினார். அப்புறம் அடைத்த குரலில், முருகையா காதிலும் விழும்படி சொன்னார்: "விஜி, அந்தப் புகையில நான் எப்படியோ பொழச்சிட்டேன். நீ வேல இல்லாம உக்காந்து என் சட்டியில உப்பு பாக்குறதுல பொழைக்க மாட்டேன்லா."

செம்பைக் கரைப்பது அரை மணி நேர வேலை. அதை வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டும் என்று கற்றுக்கொள்ளத்தான் எனக்கு நாலு வருஷமும் ஒரு புருஷனும் தேவைப்பட்டது.